மணந்து வந்தவரும் மருத்துவச் செலவும்

மலேசியக் குடிமகனை மணந்து தமிழ்நாட்டிலிருந்து பேராக் மாநிலத்தின் தைப்பிங்கிற்கு வரும் பெண்ணுக்குக் குடிநுழைவுத் துறை தருவது நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. கணவரோடு நாட்டில் தங்க அது போதும். ஆனால் அரசாங்க மருத்துவமனையின் கட்டணப் பட்டியலில் அவர் வெளிநாட்டவராகவே இருப்பார். தாலி ஏறிய நாளுக்கும் நிரந்தரவாசத் தகுதிக்கான சிவப்பு அடையாள அட்டை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிகின்றன. முதல் பிரசவம், முதல் அறுவைச் சிகிச்சை, அதுவரை தெரியாதிருந்த இனிப்புநீர் என எல்லாம் பெரும்பாலும் அந்த இடைக்காலத்தில்தான் வருகின்றன. புதிதாக வந்த துணைவருக்கான மருத்துவக் காப்புறுதி என்ற பேச்சு உண்மையில் இந்த இடைவெளியைப் பற்றியது.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை மருத்துவமனைப் பதிவு முகப்பிலேயே காணலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமகன் செலுத்துவது 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். வெளிநாட்டவருக்கான கட்டணத்தை 2014ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை தனியே வகுத்தது. படிப்படியாக உயர்த்தப்பட்ட அந்தக் கட்டணம் சாதாரணச் சிகிச்சைக்கு 40 ரிங்கிட், சிறப்பு மருத்துவருக்கு 120 ரிங்கிட் என்ற அளவை எட்டியது. வார்டில் சேர்க்க வேண்டுமானால், மூன்றாம் வகுப்புக்குக்கூட மருத்துவப் பிரிவில் 1,400 ரிங்கிட்டும் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 2,800 ரிங்கிட்டும் முன்பணம். இது முன்பணம் மட்டுமே. முழுச் செலவின் கணக்கு வீடு திரும்பும் நாளில் வரும். கணவரும் மனைவியும் ஒரே காய்ச்சலோடு ஒரே வரிசையில் நின்றாலும் இருவருக்கும் இரண்டு ரசீது. துணைவருக்கான சலுகைச் சுற்றறிக்கைகள், குறிப்பாகப் பிரசவம் தொடர்பானவை, அவ்வப்போது திருத்தப்படுவதுண்டு. ஆகவே கணவரின் அடையாள அட்டையையும் பதிவுத் திருமணச் சான்றிதழையும் முகப்பில் காட்டிக் கேட்பது நல்லது. கேட்காதவருக்கு வெளிநாட்டவர் கட்டணந்தான் எழுதப்படும்.

வெளியிலிருந்து வந்தவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, தைப்பிங் அமைந்த லாருட் வட்டாரத்தில் புதியதல்ல. ஈயச் சுரங்கங்களின் காலத்தில், 1880களில், தைப்பிங்கில் நடந்த எங் வா மருத்துவமனைக்குச் சீனத் தொழிலாளரிடமிருந்தே ஆண்டுதோறும் ஒரு தொகை வசூலிக்கப்பட்டது. நோய் வருமுன்பே எல்லாரும் கொஞ்சம் கட்டி, விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. காப்புறுதி என்ற பெயர் மட்டும் அதற்கில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பமில்லாமல் வந்த ஆண்கள் என்பதால் துணைவரைப் பற்றிய கேள்வி அங்கே எழவில்லை. அந்தக் கேள்வி ரப்பர்த் தோட்டங்களில் எழுந்தது. கங்காணி அழைத்து வந்தவர்களில் பெண்களும் இருந்தனர். ஊருக்குப் போய் மணம் முடித்து மனைவியோடு திரும்பியவர்களும் இருந்தனர். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுத்த கலவை மருந்தைப் பற்றி அந்தத் தலைமுறைக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளின் குறைகளும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் லயத்துக்குப் புதிதாக வந்த மருமகளிடம் குடியுரிமைச் சான்று எதுவென்று டிரெசர் கேட்டதில்லை. தோட்டத்து வீட்டில் இருக்கிறாள் என்பதே போதுமானதாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், மக்கள் கமுந்திங், சிம்பாங், சங்காட் ஜெரிங் பக்கம் குடிபெயர்ந்தனர். டிரெசரின் இடத்தை அரசாங்கக் கிளினிக் பிடித்தது. தரம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் உரிமையின் அடிப்படை மாறிவிட்டது: முன்பு குடியிருக்கும் இடம், இப்போது அடையாள அட்டையின் நிறம். ஊரிலிருந்து மணந்து வரும் பெண்ணின் நிலை இந்த மாற்றத்தில் கீழிறங்கியது என்பதே உண்மை. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அரசு நடத்தும் காப்புத் திட்டங்களைப் பார்த்தால் இதே அடிப்படை தெரியும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019இல் தொடங்கிய மைசலாம், பெக்கா பி40 ஆகிய இரண்டும் குடிமக்களுக்கானவை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதி, தொடக்கத்தில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் பிரிமியத்தில் 10,000 ரிங்கிட் வரை காப்புத் தந்தது. அதில் சேர வேலை அனுமதி வேண்டும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலையிட விபத்துக் காப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கும் வேலை வேண்டும். இப்படிக் குடிமகனுக்கு ஒரு கதவும் தொழிலாளிக்கு ஒரு கதவும் திறந்திருக்க, இரண்டிலும் சேராதவர் வீட்டில் இருக்கும் மனைவி. அதே தைப்பிங்கில் கட்டடம் கட்ட வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டம் வாங்கித் தந்த காப்புறுதி, மலேசியரின் மனைவிக்கு இல்லை என்பது விந்தைதான்.

புறப்படும் இடத்திலிருந்து கொண்டுவரக்கூடிய காப்பும் அதிகமில்லை. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்குள்ள மருத்துவமனைகளுக்கானது. திருச்சியில் விமானம் ஏறியதும் அதன் பயன் நின்றுவிடும். இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா குடிபெயர்வு அனுமதி பெற்று வேலைக்குச் செல்வோருக்கானது. மிஞ்சுவது பயணக் காப்பீடு. திடீர் நோய்க்கும் விபத்துக்கும் அது உதவும். பாலிசியை முறையாக வாங்கினால் பெரும்பாலும் 180 நாள் வரை நீளும். ஏற்கெனவே இருந்த நோய், கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றை அது தொடாது. முக்கியமாக, இந்தியாவிலிருந்து புறப்படுமுன் வாங்க வேண்டிய பாலிசி அது. வந்து சேர்ந்தபின் உடல் சரியில்லாமல் போய், பிறகு வாங்கலாம் என்றால் வழியில்லை. நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் தொடக்க மாதங்களுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனால் கல்யாணச் செலவுக் கணக்கில் பட்டுப்புடவைக்கும் மண்டபத்துக்கும் இருக்கும் இடம் இதற்கு இருப்பதில்லை.

அனுமதி கிடைத்தபின் செய்ய வேண்டியது, மலேசியாவில் எல்லாரும் மெடிக்கல் கார்டு என்று சொல்லும் தனியார் மருத்துவக் காப்புறுதி. செல்லுபடியாகும் நீண்டகால அனுமதியோடு நாட்டில் வசிப்பவரை நிறுவனங்கள் பொதுவாக ஏற்கின்றன. சில, கணவரும் அங்கேயே பாலிசி வைத்திருக்க வேண்டும் என்கின்றன. இந்தக் கார்டு தரும் காப்பு வார்டில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்குமானது. சளி, காய்ச்சலுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அவற்றுக்குத் தனியார் கிளினிக்கிற்குப் போனால், 40 ரிங்கிட் வெளிநாட்டவர் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கொலம்பியா ஏசியா, கேபிஜே ஆகிய நிறுவனங்களின் மருத்துவமனைகள் தைப்பிங்கிலேயே இருப்பதால், கார்டு உள்ளவர் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ ஓட வேண்டிய தேவை எல்லா நேரத்திலும் இல்லை. மருத்துவமனையில் கார்டைக் காட்டினால், காப்புறுதி நிறுவனம் பணத்துக்குப் பொறுப்பேற்று ஓர் உறுதிக் கடிதம் அனுப்பும். ஜிஎல் வந்தாச்சா என்று வார்டில் எல்லாரும் கேட்பது அதைத்தான். அது வரும்வரை முன்பணம் கேட்கப்படும்.

கார்டு கைக்கு வந்த நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு என்று நினைப்பதுதான் மிகுதியான வருத்தங்களுக்குக் காரணம். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காத்திருப்பு 120 நாள். உயர் இரத்த அழுத்தம், இனிப்புநீர், இதய நோய், கட்டிகள், புற்றுநோய், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், குடலிறக்கம், மூலம், கருப்பைப் படலம் இடம் மாறி வளர்தல், முதுகெலும்பு, முழங்கால் கோளாறுகள் இந்தப் பட்டியலில் வரும். ஒரு பாலிசி மார்ச் 1இல் தொடங்குகிறது என்று கொள்ளலாம். மார்ச் 10இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் செலவு கிடைக்கும். ஏப்ரல் 5இல் குடல்வால் அழற்சி வந்தாலும் கிடைக்கும். ஜூன் 10இல் பித்தப்பைக் கல் தெரிந்தால் கிடைக்காது, ஏனெனில் 120ஆம் நாள் ஜூன் 28. நாள்காட்டியில் 30ஆம் நாளையும் 120ஆம் நாளையும் வட்டமிட்டு வைப்பது நல்லது. வலியைப் பொறுத்துக்கொண்டு தேதிக்காகக் காத்திருப்பதிலும் பயனில்லை. அறிகுறி எப்போது தொடங்கியது என்பதை மருத்துவர் தம் குறிப்பில் எழுதிவிடுவார். நிறுவனம் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.

பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் காப்பு இல்லை என்பது பொது விதி. இங்கேதான் விண்ணப்பப் படிவம் முக்கியமாகிறது. ஏஜெண்டு வீட்டுக்கு வருவார், கூடத்தில் உட்கார்ந்து கேள்விகளை வாசிப்பார். மாமியார் பக்கத்தில் இருப்பார், மாமனார் எதிரில் இருப்பார். தைராய்டுக்கு மாத்திரை உண்டா, மாதவிலக்கில் கோளாறு உண்டா, அறுவைச் சிகிச்சை ஏதாவது நடந்ததா? பெண் பார்க்கும் படலத்தில் சொல்லாத ஒன்றைப் புதுமருமகள் அந்தக் கூடத்தில் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது பேராசை. இல்லை, இல்லை, இல்லை என்று ஏஜெண்டு கோடு போட்டுக்கொண்டே போவார். பின்னாளில் கோரிக்கை வரும்போது தமிழ்நாட்டு மருத்துவரின் பழைய சீட்டே வில்லங்கமாகிவிடும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், தவறான தகவலை வேண்டுமென்றே தந்தது, கவனக்குறைவால் தந்தது, அறியாமல் தந்தது என்று வேறுபடுத்துகிறது. வேண்டுமென்றே தந்ததாக முடிவானால் பாலிசியே ரத்தாகலாம். படிவத்தைத் தனியே வாங்கி, தம்பதி இருவர் மட்டும் இருந்து நிரப்பி அனுப்புவதற்கு எந்தத் தடையுமில்லை. சொன்ன நோய்க்கு மட்டும் காப்பு மறுத்து, மற்றவற்றுக்கு நிறுவனம் சம்மதிப்பதும் உண்டு. ஒன்றையும் சொல்லாமல் வாங்கிய முழுக் காப்பைவிட அது உறுதியானது. பாலிசி கைக்கு வந்தபின் படித்துப் பார்த்து வேண்டாமென்றால் திருப்பித்தர 15 நாள் அவகாசமும் இருக்கிறது.

மெடிக்கல் கார்டின் பெரிய ஓட்டை பிரசவம். கர்ப்பம், பேறு, சிசேரியன் ஆகியவற்றை வழக்கமான கார்டுகள் விலக்கிவிடுகின்றன. மணந்து வந்த பெண் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மருத்துவமனைக்குப் போக மிகுந்த வாய்ப்புள்ள காரணமே விலக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பகாலச் சிக்கல் சிலவற்றுக்கும் பிறவிக் குறை சிலவற்றுக்கும் காப்புத் தரும் தாய்சேய்ப் பாலிசிகள் தனியே விற்கப்படுகின்றன. அவையும் சாதாரணப் பிரசவச் செலவைத் தருவதில்லை. ஆகவே பிரசவத்துக்குக் காப்புறுதியை நம்பாமல் சேமிப்பையே நம்ப வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் முன்பணத்துக்கும் சிசேரியன் ஆனால் கூடும் தொகைக்கும் சேர்த்து, கர்ப்பம் தெரிந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வரும் குடும்பம் கடைசி நேரத்தில் நகை அடகு வைப்பதில்லை.

பிரசவத்தோடு திருமணப் பதிவும் பின்னிக் கிடக்கிறது. இந்துத் திருமணங்கள் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்கீழ், 1982 மார்ச் 1 முதல், பதிவு செய்யப்பட வேண்டியவை. கோயிலில் தாலி கட்டியதை மட்டும் சட்டம் திருமணமாக ஏற்காது; பதிவு அதிகாரம் பெற்றவர் முன் கையெழுத்தாக வேண்டும், அல்லது தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் பதிந்த திருமணத்தை மலேசியா வந்த ஆறு மாதத்துக்குள் இங்கும் பதிய வேண்டும். பதிவாகுமுன் குழந்தை பிறந்தால், தந்தை மலேசியராக இருந்தும் குழந்தை தாயின் குடியுரிமையையே அடையும். அதாவது மலேசியக் குடியுரிமை இல்லை. அப்போது தாய்க்கு மட்டுமின்றித் தடுப்பூசி முதல் எல்லாவற்றிலும் குழந்தைக்கும் வெளிநாட்டவர் நிலை. நல்ல நாள் பார்த்துப் பதிந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஒரு காகிதம், பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதிலும் குடும்பத்தைத் துரத்துகிறது. பேராக்கின் பழைய தோட்டப்புறங்களில் இந்தத் தொல்லையை அறியாத சமூக ஊழியர் இருக்க மாட்டார்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இதற்கெல்லாம் ஒரு வழியாகவும் இருக்கிறது. செலவு குறைவு, அம்மா பக்கத்தில், பத்தியச் சாப்பாடு. மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். முதலாவது, மெடிக்கல் கார்டு பலவற்றில், தொடர்ந்து 90 நாளுக்குமேல் வெளிநாட்டில் தங்கினால் அங்கே பெறும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஏழாம் மாதம் போய்க் குழந்தைக்கு மூன்று மாதமானபின் திரும்புவதென்றால் 90 நாள் எப்போதோ தாண்டிவிடும். பிரிமியம் கட்டுவதை அதற்காக நிறுத்தினால் பாலிசி காலாவதியாகி, புதிதாக எடுக்கும்போது 30 நாள், 120 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டாவது, தங்கும் அனுமதியின் முடிவுத் தேதி. மூன்றாவது, குழந்தையின் பிறப்பைச் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிவது.

கணவர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழுக் காப்புறுதி இருந்து, அதில் மனைவிக்கும் இடமிருந்தால், தனிப் பாலிசிக்கு முன் அதைத்தான் விசாரிக்க வேண்டும். கமுந்திங் தொழிற்பேட்டையின் பெரிய தொழிற்சாலைகளில் இத்தகைய ஏற்பாடு இருப்பதுண்டு. குழு பெரிதாக இருந்தால் முன்பிருந்த நோய் பற்றிய விலக்கும் காத்திருப்புக் காலமும் தளர்த்தப்படலாம். பிரசவத்துக்கு ஒரு தொகை தரும் திட்டங்களும் இருக்கின்றன. கணவர் மனிதவளப் பிரிவில் மனைவியின் பெயரைச் சேர்க்கச் சொல்லாமல் விட்டதால் மட்டும் இழக்கப்படும் உரிமை இது. வேலை போனால் காப்பும் போகும் என்பது அதன் குறை. மனைவியே வேலைக்குப் போவதானால், குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி முத்திரையைப் பெற்றபின் சொக்சோ முதலிய தொழிலாளர் காப்புகள் அவருக்கும் வரும்.

பிரிமியம் அண்மை ஆண்டுகளில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எதிர்ப்பு வலுத்ததும் 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, பெரும்பாலான பாலிசிதாரருக்கு உயர்வு ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டாதபடி 2026 இறுதி வரை கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே, 2024 செப்டம்பர் 1 முதல், செலவில் ஒரு பங்கைப் பாலிசிதாரரே ஏற்கும் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று விதித்தது. இவற்றில் பிரிமியம் குறைவு. கையில் சிறிது சேமிப்புள்ள இளம் தம்பதிக்கு இந்த வகை பொருத்தமானது. சேமிப்பே இல்லாதவர் மலிவைப் பார்த்து இதில் இறங்கக்கூடாது. கணவர் கட்டும் பிரிமியத்துக்கு வருமான வரியில் கழிவும் உண்டு.

பிற நாடுகள் இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. பிரிட்டன் விசா விண்ணப்பத்தோடேயே சுகாதாரக் கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது: 2015இல் ஆண்டுக்கு 200 பவுனாக இருந்தது 2024 பிப்ரவரியில் 1,035 பவுனானது. தொகை கடுமைதான்; ஆனால் கட்டியபின் பிரசவம் உட்படப் பொதுச் சுகாதாரச் சேவை கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் நாட்டுக்குள் இருந்து துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்தவர், முடிவு வருமுன்பே மெடிகேரில் சேரலாம். ஜெர்மனியில் கணவரின் சட்டபூர்வக் காப்புறுதியில் வருமானமில்லாத மனைவி கூடுதல் சந்தா இல்லாமல் சேர்கிறார். சிங்கப்பூரில், 2012இல் வந்த எல்டிவிபி பிளஸ் என்ற நீண்டகால வருகை அனுமதி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு நிரந்தரவாசிக்கு இணையான மானியம் தருகிறது. மலேசியாவோ இவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒரு நியாயமான தொகையை வாங்கிக்கொண்டு குடிமக்கள் கட்டணத்தைத் தரலாம். தொழிலாளருக்கு ஸ்பிக்பா இருப்பதுபோல் துணைவருக்கும் ஒன்றைத் தொடங்குவது நிர்வாகத்துக்கு இயலாத காரியமல்ல.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். அதன் இறுதி முடிவிலும் திருப்தியில்லையெனில், 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவை என்ற பெயரில் இயங்கும் அமைப்பிடம் ஆறு மாதத்துக்குள் போகலாம். புகார் செய்பவருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. புகார் செய்யக் குடியுரிமை தேவையில்லை. பாலிசியும் கடிதங்களும் மருத்துவக் குறிப்புகளுமே போதும்.

நிரந்தரவாசத் தகுதிக்கு, நீண்டகால அனுமதியோடு ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தபின் விண்ணப்பிக்கலாம்; கிடைக்க மேலும் காலமாகும். குடிமகனின் மனைவி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு வழி செய்கிறது. மலேசியப் பெண்ணை மணந்து வந்த ஆணுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அவருக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைக்கும்வரை மருத்துவமனைக் கட்டணத்தில் வெளிநாட்டவர் நிலை நீளும், காப்புறுதியின் தேவையும் அவ்வளவுக்கு நீளும். அடையாள அட்டை மாறிய நாளில் மருத்துவமனைப் பதிவிலும் பாலிசியிலும் புதிய எண்ணைத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தாதவரைக்கும் பழைய பாஸ்போர்ட் எண்ணின் பேரில் பழைய கட்டணமே கேட்கப்படும்.